இயந்திரத்தின் கண்ணில் ஒரு சந்தனப் பொட்டு

“இந்திரா, கோவப்படாம எழுதும்மா. நாலு பேரு படிக்கிறது” என்று அண்ணி கேட்டுக்கொண்டார். முயற்சி செய்கிறேன். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் என் வணக்கம். வந்தவர்களில் சிலர் மீது எனக்கு வருத்தம் உண்டு. அண்ணன் ஓட்டிய நெல் அறுக்கும் இயந்திரத்தின் மீதும், அதை விற்ற கம்பெனியின் மீதும் உண்டு. எல்லாரையும்விட அண்ணன் மீதுதான் அதிகம். இல்லாதவரோடு சண்டை போட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா களை பிடுங்கப் போனார். எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அப்பா காலமாகிவிட்டதால், அப்பா என்று நினைத்தாலே எனக்கு அண்ணன் முகம்தான் வரும். அவர் பள்ளியை விட்டு நின்று, தோட்டத்து லாரிக்கும் டிராக்டருக்கும் அடியில் படுத்துத் தொழில் கற்றார். பிறகு ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். செம்பனையையும் தள்ளிவிட்டு வீடுகள் கட்டினார்கள். நாங்கள் பட்டர்வொர்த்துக்கு வந்தோம். அண்ணன் கூலிக்கு டிராக்டர் ஓட்டி நெல் வயல்களை உழுதார். அந்த உழைப்பில்தான் நான் ஐந்தாம் படிவம் வரை படித்தேன், கல்யாணமாகி எதிர்க்கரைத் தீவுக்குப் போனேன், பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். என் சம்பளத்தில் அவர் ஒருநாளும் ஒரு சட்டைகூட வாங்கிக்கொண்டதில்லை. “புள்ளைங்களுக்கு வாங்கும்மா” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

எங்கள் உறவில் ஒரு பேச்சு உண்டு. “மனுசன் செய்யிற வேலையெல்லாம் இந்த மெஷின்காரனுங்கதான் தின்னுட்டானுங்க” என்று கல்யாணப் பந்தியில் அண்ணன் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களின் பெயரை எழுதக்கூடாது என்பது அண்ணியின் உத்தரவு. நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வயல்களில் நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் பெற்ற பெண்கள் எங்கே போனார்கள்? என் பக்கத்தில்தான் நின்றார்கள். மலாய்ப் பெண்களும் நம் பெண்களுமாக, ஒரே மாதிரி மேல்சட்டை போட்டுக்கொண்டு, குளிர்ந்த அறையில் ஷிப்டு வேலை பார்த்தோம். யாருக்கும் சேற்றுக்குத் திரும்பிப் போகும் ஆசை இல்லை, எனக்கும் இல்லை. அறுக்க ஆள் இல்லாமல் போன பிறகுதான் வயலுக்கு மெஷின் வந்தது. மெஷினால் கெடுதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பந்தியில் பேசியவர்கள் சொன்ன கெடுதல் அது இல்லை.

அண்ணன் முதலில் வாங்கிய அறுவடை இயந்திரம் பழையது, பக்கத்து மாநிலமான கெடாவில் யாரோ ஓட்டித் தள்ளியது. சத்தம் காதைப் பிளக்கும். அண்ணன் அதைத் திட்டிக்கொண்டே ஓட்டுவார். வயல் நடுவில் நின்றுவிட்டால் இறங்கி, மூடியைத் திறந்து, கம்பியையோ ரப்பர்த் துண்டையோ வைத்துக் கட்டி மறுபடி கிளப்பிவிடுவார். சின்ன மெஷின், எடை குறைவு. சேறு ஆழமான வயல்களில் பெரிய மெஷின் இறங்கினால் புதைந்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட வயல்காரர்கள் அண்ணனைத்தான் தேடி வந்தார்கள். முதலில் தேடி வந்தவர் பாக் மாட்.

பாக் மாட் செபராங் பிறையிலேயே சொந்தமாகக் கொஞ்சம் வயல் வைத்திருக்கும் மலாய்க்காரர். அண்ணனைவிட வயதில் மூத்தவர்தான், ஆனாலும் அண்ணனை “அண்ணே” என்றுதான் கூப்பிடுவார். அவருக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான். தீபாவளிக்கு அவர் இங்கே வருவார், நோன்புப் பெருநாளுக்கு அண்ணன் குடும்பத்தோடு அங்கே போவார். நெல் பழுத்ததும் அவரிடமிருந்து போன் வரும். மலாயில்தான் பேசுவார்: “அண்ணே, பழுத்தாச்சு. எப்ப வர்ற?” அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் அண்ணன் மெஷினை லாரியில் ஏற்றுவார். அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். வயல்காரர் கூப்பிட வேண்டும், மெஷின்காரர் தானாகப் போய்க் கேட்கக்கூடாது. கேட்டால் வேலைக்கு அலைகிறான் என்று ஆகிவிடுமாம். அண்ணன் இந்த வழக்கத்தை விரதம் மாதிரிக் கடைப்பிடித்தார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் நல்ல குணங்களையும் சொல்ல வேண்டும். எடுத்த வயலைப் பாதியில் விட்டுவிட்டு, பெரிய வயல்காரர் கூப்பிட்டார் என்று ஓட மாட்டார். மூலையில் திரும்ப முடியாமல் விட்டுப்போன கதிரை இறங்கி நின்று கையால் அறுத்து மெஷினுக்குள் போடுவார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தால் இடுப்பில் மெஷின் சாவியும் சேர்ந்தே ஏறும். “மெஷின் பேருக்கு அர்ச்சனை பண்ணச் சொன்னா ஐயரு நட்சத்திரம் கேப்பாரே, என்ன சொல்லுவீங்க?” என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். “கார்த்திகைன்னு சொல்லுவேன் லா. முருகன் வேணாம்னா சொல்லப்போறாரு?” என்பார்.

பிறகு பழையதை விற்றுவிட்டு, அதே மாதிரி எடை குறைந்த அந்தப் புது மெஷினை அண்ணன் வாங்கினார். வாங்கும் முன்பே நான் கேட்டேன்.

“பழசுதான் நல்லா ஓடுதே அண்ணே, எதுக்கு இப்ப?”

“பார்ட்ஸ் கெடைக்க மாட்டேங்குதும்மா. காலம் மாறுது லா. இதுல ஏர்கோன் இருக்கு, ஸ்கிரீன் இருக்கு. என்ன கோளாறுன்னு அதுவே சொல்லிடும்.”

“சொல்லும், சரி. அதுவே ரிப்பேரும் பண்ணிக்குமா?”

“உனக்கு எதையெடுத்தாலும் ஒரு நொட்டை சொல்லணும்.”

நொட்டை சொல்லும் பிறவிதான் நான். ஆனால் அன்றைக்குக் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மெஷின் வந்து இறங்கிய அன்று வீட்டுக்குப் பின்னால் பூசை. எனக்கு வேலை நாள் என்பதால் போக முடியவில்லை, அண்ணி சொல்லித்தான் தெரியும். கம்பெனி ஆள் ஒருவர் மெஷினைச் சுற்றிக்காட்டியிருக்கிறார். முன்னால் கதிர் அறுக்கும் பகுதிக்குக் கீழே ஒரு சின்ன உருண்டைக் கண்ணாடி இருந்தது. “இதுதான் மெஷினோட கண். தரை எங்கே இருக்கு, கதிர் எவ்வளவு உயரம்னு இதை வச்சுத்தான் பாக்கும்” என்றிருக்கிறார். அவர் போனதும் பூசை நடந்தது. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள், தேங்காய் உடைத்தார்கள். அண்ணன் கையில் சந்தனக் கிண்ணத்தோடு சுற்றிவந்து விளக்குக்கும் கதவுக்கும் பொட்டு வைத்தார். கடைசியில் குனிந்து அந்தக் கண்ணாடிக்கும் வைத்தார். கண் என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, அதற்கு மற்றதையெல்லாம்விடப் பெரிய பொட்டு. அதன் நடுவில் குங்குமமும் வைத்தார். நம் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் நாம் செய்வதுதான் இது. அங்கே நான் இருந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

புது மெஷினின் முதல் அறுவடை பாக் மாட் வயலில்தான் என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி, பெரிய மெஷினோடு வந்து அந்தப் பக்கத்து வயல்களை மொத்தமாக அறுக்கும் பெரிய குத்தகைக்காரரிடம் தனக்கு முறை வேண்டாம் என்று பாக் மாட் சொல்லிவிட்டார். நெல் நன்றாகப் பழுத்து நின்றது. மழை வருவதற்குள் அறுத்தாக வேண்டும். மெஷின் வயலில் இறங்கியது, முதல் சுற்று முடியும் முன்பே நின்றுவிட்டது. அந்தக் கண் அறுக்கும்போது மட்டும்தான் வேலை செய்யுமாம். அதனால்தான் வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. எனக்குக் கேன்டீன் நேரத்தில் போன் வந்தது.

“இந்திரா, ஸ்கிரீன்ல என்னமோ நம்பர் வருது. எஞ்சின் ஓடுது, கத்தி ஓட மாட்டேங்குது.”

“சென்சார்ல தூசி அடைச்சிருக்கும் அண்ணே. எங்க லைன்லயும் அப்படித்தான் நிக்கும். எல்லாத்தையும் தொடச்சிப் பாருங்க.”

“தொடச்சாச்சும்மா. அழுக்கே இல்ல. பளபளன்னு இருக்கு.”

அவர் பொய் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டால் சேற்றையும் வைக்கோல் தூசியையும் உண்மையாகவே துடைத்திருந்தார். அந்தக் கண்ணையும் துடைத்திருந்தார், பொட்டைச் சுற்றி. பொட்டு கலையாமல், விளிம்பு மட்டும் பளிச்சென்று இருக்கும்படி துடைத்திருந்தார். சாமிக்கு வைத்த சந்தனத்தை யாராவது அழுக்கு என்று நினைப்பார்களா? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது.

கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு குரல் இந்த மொழிக்கு ஒன்றை அழுத்து, அந்த மொழிக்கு இரண்டை அழுத்து என்றது. அழுத்தினால் பாட்டு. பாட்டு முடிந்து ஆள் கிடைத்தால், அறுவடைக் காலம், டெக்னீஷியன் வேறு மாநிலத்தில் இருக்கிறார், வார முடிவில் வருவார் என்ற பதில். நானே திறந்து பார்க்கவா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். பெட்டியின் சீலை உடைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்றார்கள். அண்ணனிடம் எல்லா அளவிலும் ஸ்பேனர் இருந்தது. மெஷின் கேட்டது பாஸ்வேர்டு. எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல், ஒரு நம்பரை மட்டும் காட்டிக்கொண்டு அத்தனை பெரிய இரும்பு வயல் நடுவில் உட்கார்ந்திருந்தது. பழைய மெஷினைத் திட்டுவது மாதிரி இதைத் திட்டக்கூட அவருக்கு வாய் வரவில்லை என்று அண்ணி சொன்னார்.

மழை வந்தது. பழுத்த நெல் படுத்துவிட்டது. படுத்த கதிர் தண்ணீரில் கிடந்தால் முளைத்துவிடும். பாக் மாட் வரப்பில் நின்றுகொண்டு, “பரவாயில்ல அண்ணே, பாப்போம்” என்று மட்டும் சொன்னாராம். அதைத் தாங்க முடியாமல் அண்ணனே அந்தப் பெரிய குத்தகைக்காரரைக் கூப்பிட்டு, தயவு செய்து இந்த வயலை முதலில் எடுங்கள் என்று கெஞ்சினார். அண்ணன் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. அவர்களும் வந்தார்கள். கனமான மெஷின், மழையில் ஊறிய வயல். நடுவில் புதைந்து, முன்னும் பின்னும் போய்ச் சேற்றைக் கடைந்து, கடைசியில் எஸ்கவேட்டர் கொண்டுவந்து இழுத்தார்கள். சேற்றுக்கு அடியில் ஆளைத் தாங்கும் கெட்டித் தரை ஒன்று இருக்கும். அது உடைந்துபோனது. நெல்லில் பாதிதான் கிடைத்தது, அதுவும் ஈரம். வயல் முழுக்க ஆள் இறங்கினால் தொடை வரை போகும் பள்ளங்கள்.

மறுநாள்தான் டெக்னீஷியன் வந்தார், ஒரு சீனப் பையன். அண்ணன் மகன் சரவணன் அன்று அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு உடன் இருந்தான். அந்தப் பையன் கணினியை மாட்டவே இல்லையாம். நேராக முன்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றிருக்கிறார்.

“அங்கிள், இது சாமிக்கு வச்சதா?” என்று மலாயில் கேட்டிருக்கிறார்.

“ஆமா.”

“அப்ப நீங்களே எடுங்க. நான் தொட்டா நல்லா இருக்காது.”

அண்ணன் துண்டின் நுனியை நனைத்து அதைத் துடைத்தார். விரலில் ஒட்டிய சந்தனத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மெஷின் ஒரே திருப்பில் ஓடியது. அறுக்கத்தான் அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் அது வேடிக்கையாகிவிட்டது. பொட்டு வைத்த மெஷின் என்று படம் போட்டார்கள். அடுத்து எந்த விசேஷத்துக்குப் போனாலும், “என்ன மாமா, மெஷினுக்கு மை வெக்கலியா?” என்று கேட்டார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் சிலரும் சிரிக்கிற முகம் அனுப்பினீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. அண்ணன் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால் முழங்கால் வலி என்றார்.

அடுத்த போகம் வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெர்ரி ஏறி வந்து பார்ப்பேன். சாப்பிடும்போதும் இலைக்குப் பக்கத்தில் போன் இருக்கும். சத்தம் வந்தால் எச்சில் கையோடு எடுத்துப் பார்ப்பார், பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பார். வேறு வயல்காரர்கள் கூப்பிட்டார்கள், போய் அறுத்துக் கொடுத்தார். பாக் மாட் கூப்பிடவில்லை.

“நீங்களே ஒரு போன் போடுங்களேன் அண்ணே.”

“அவருதான் கூப்பிடணும்.”

“வேலைக்காகக் கூப்பிடச் சொல்லல. நல்லா இருக்கீங்களான்னு கேளுங்க.”

“எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டும்மா கேக்குறது? நெல்லையும் கெடுத்தேன், நெலத்தையும் கெடுத்தேன். கோவம் இருக்காதா மனுசனுக்கு?”

“கோவம்னா திட்டட்டும். திட்டு வாங்கிட்டு வாங்க.”

“நீ ஃபேக்டரியில இருக்க. உனக்கு இதெல்லாம் புரியாது.”

புரியவில்லைதான். பெருநாளுக்குப் போங்கள் என்றேன், அதற்கும் போகவில்லை. அந்த ஊர்ப் பக்கம் வேலை இருந்தால்கூட வேறு சாலையில் சுற்றிக்கொண்டுதான் போவார் என்று சரவணன் சொன்னான். நேர்ச் சாலையில் ஒரே ஒரு தடவை போயிருந்தால் போதும், எல்லாம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். போகவில்லை. பிடிவாதம், பிடிவாதம், அத்தனையும் பிடிவாதம். நான் சண்டை போட்டேன், அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அந்தப் போகம் முடியும் சமயத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனையில் சேர்த்தோம். தலையணைக்கு அடியில் போன் வைத்திருந்தார். தாதி எடுத்து வைத்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்வார். கடைசியாக நினைவோடு பேசியது சரவணனிடம். வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை, என்னைப் பற்றியும் கேட்கவில்லை. “பாக் மாட் கூப்பிட்டாரா?” என்றார். இல்லை என்று சொல்ல மனமில்லாமல், “கூப்பிடுவாரு பா” என்றான் சரவணன். அன்று மாலை அண்ணன் போய்விட்டார்.

எல்லாருக்கும் சொல்லி அனுப்பினோம், பாக் மாட்டுக்குச் சொல்லவில்லை. கோபமாக இருக்கிறவரை எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும் என்று அண்ணி நினைத்தார். அவர் அப்படி நினைத்ததில் தவறு சொல்ல மாட்டேன். அண்ணன் சொன்னதை நாங்கள் எல்லாருமே நம்பியிருந்தோம்.

மெஷின் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயின் கீழ் நின்றது. விற்றுவிடலாம் என்று பேச்சு நடந்தது. அண்ணன் போனை மட்டும் அண்ணி அணைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சாமி விளக்கு ஏற்றும்போது அதையும் சார்ஜில் போடுவார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த போகம் பழுக்கும் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் கூடத்தில் இருந்தபோது அந்தப் போன் அடித்தது. திரையில் பாக் மாட் பெயர். சரவணன் ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணே, பழுத்தாச்சு. எப்ப வர்ற?”

மறுமுனையில் “அண்ணே? அண்ணே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சரவணன்தான் சொன்னான். “ஏன் எனக்கு யாருமே சொல்லல?” என்றார், கோபமாக. அண்ணன் பயந்துகொண்டிருந்த அந்தக் கோபத்தை அன்றுதான் முதன்முதலில் கேட்டோம். வேறு எதற்காகவோ வந்த கோபம்.

நான் போனை வாங்கிக்கொண்டேன். “போன போகத்துல ஏன் நீங்க கூப்பிடல? அண்ணன் காத்துக்கிட்டே இருந்தாரு” என்று கேட்டேன். என் குரலும் நன்றாக இருந்திருக்காது.

“போன போகம் நான் நடவே இல்லயே” என்றார். பள்ளம் விழுந்த வயல் இறுகட்டும் என்று தண்ணீரை வடித்துச் சும்மா போட்டிருக்கிறார். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் எல்லாம் பெரிய மெஷின் திரும்ப வசதியாக வரப்பை எடுத்துவிட்டுக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். இவரையும் கேட்டிருக்கிறார்கள், கொடுக்கவில்லை. “அறுக்க ஒண்ணும் இல்லாம அண்ணனக் கூப்பிட்டா, நெலம் கெட்டுப்போச்சுன்னு குத்திக்காட்டுற மாதிரி ஆயிடும். நல்லா வெளஞ்ச பிறகு கூப்பிடலாம்னு இருந்தேன்.”

“உங்களுக்குக் கோவம் இல்லயா, அந்தப் பொட்டு விசயத்துல?”

“அதுக்கா? நான் ஒவ்வொரு தடவையும் பிஸ்மில்லா சொல்லித்தான் மெஷின வயல்ல எறக்க விடுவேன். அவரு அவரு வழியில சொன்னாரு. இதுக்கு என்ன கோவம்?”

ஒருவர் கூப்பிட்டால் குத்திக்காட்டுவது போலாகும் என்று இருந்தார். இன்னொருவர் கூப்பிட்டால் அலைவது போலாகும் என்று இருந்தார். இருவர் கையிலும் போன். தூரம் என்ன, பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரும் தூரம். என்னால் இன்றுவரை இதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. இதனால்தான் அண்ணி, கோபப்படாமல் எழுத என்னால் முடியவில்லை.

சரவணன் அலுவலகத்தில் விடுப்பு எடுத்தான். அப்பாவுக்குத் துணையாக விடுமுறைகளில் ஓட்டிப் பழகியவன்தான். மெஷினைத் தார்ப்பாயிலிருந்து வெளியே எடுத்து, லாரியில் ஏற்றி, பாக் மாட் வயலுக்குக் கொண்டுபோனோம். நானும் போனேன். வயல் முழுதாக இன்னும் சரியாகவில்லை. ஒரு பக்கம் நெல் குட்டையாக, வெளுத்துத்தான் நின்றது. வரப்பில் வைத்துப் பூசை செய்தோம். அண்ணி சந்தனக் கிண்ணத்தோடு மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். பழக்கத்தில் குனிந்து அந்தக் கண்ணாடிப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

“அங்க மட்டும் வேணாம்!” என்று பாக் மாட் மலாயிலும் சரவணன் தமிழிலும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அண்ணி கையை இழுத்துக்கொண்டு சிரித்துவிட்டார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு உள்ளே ஏறி, அண்ணன் உட்காரும் இருக்கையின் முதுகில் பொட்டை வைத்தார். பாக் மாட் கண்ணை மூடித் தன் பிஸ்மில்லாவைச் சொன்னார். சரவணன் மெஷினை இறக்கினான். நிற்காமல் அறுத்து முடித்தான். மூலையில் நின்ற கதிரை நான் இறங்கி அறுத்தேன், தொழிற்சாலைக் கையால் கோணல்மாணலாக.

அண்ணனின் இறுதி நாட்களில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும், தூக்கிச் சென்றவர்களுக்கும், காரியங்களை நடத்திக்கொடுத்த பெரியவர்களுக்கும், வீடு நிறைய ஆட்கள் இருந்த நாட்களில் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பொட்டைத் தொடாமல் ஒதுங்கி நின்று மரியாதை காட்டிய அந்த டெக்னீஷியன் தம்பிக்கு என் தனிப்பட்ட நன்றி. அவருடைய கம்பெனிக்கு நன்றி சொல்ல மாட்டேன். போனை அணைக்காமல் வைத்திருந்த அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த போகத்தில் அந்த மெஷின் யாரிடம் இருக்கும், பாக் மாட் வயலைச் சுற்றி வரப்பு இருக்குமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

பாக் மாட் இன்று வந்திருக்கிறார். வாசல் பக்கம் சொங்கோக் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, யாராவது போய்ப் பேசுங்கள். அன்று அறுத்த நெல்லில் வீட்டுக்கென்று எடுத்து வைத்ததை அரைத்து, ஒரு மூட்டை அரிசியாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அண்ணன் படத்துக்கு முன்னால் படைத்திருப்பதும், சற்று நேரத்தில் உங்கள் இலையில் விழப்போவதும் அந்தச் சோறுதான். கொஞ்சம் குழைவாக இருக்கும், நமக்குப் பழக்கமில்லாத அரிசி. குறை சொல்லாமல் சாப்பிடுங்கள், மிச்சம் வைக்காதீர்கள். அண்ணன் சாகும்வரை காத்திருந்தது இதற்குத்தான்.

தங்கை இந்திராணி
பாயான் பாரு